கதிரையில் உட்காராத முதலாளி

கண்டியிலிருந்து கம்பளை வரைக்கும் உள்ள அத்தனை முதலாளிமாரையும் ஒரே மைதானத்துக்குக் கூட்டிவந்தாலும், சொந்தக் கதிரையைக் கண்டு பயப்படுகிற முதலாளி ஒருவர்தான் தேறுவார். கெலிஓயாவில் பாடசாலைப் பைகள் தைக்கும் எங்கள் முதலாளி அவர். அவருடைய நிஜப் பெயர் காசோலைகளில் மட்டும் இருக்கும். ஊருக்கு அவர் ‘கதிரை முதலாளி’.

இந்த வாரம் முழுக்க அவருடைய நினைவாகவே இருக்கிறேன். பத்து மாத மகளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு அவரிடம் மீண்டும் வேலைக்குப் போவதா, வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும். கணவர் கட்டாரில். கேட்டால், “நீயே பார்த்து முடிவெடும்மா” என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் போனை வைத்ததும் ஹந்தானை வீதியின் இந்த மாடிவீட்டில் பனிமூட்டமும் நானும்தான் மிச்சம். மகளிடமும் கேட்டுப் பார்த்தேன். அவள் என் மூக்கைக் கடித்தாள்.

முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் எல்லோரும் வந்ததும், கைபிடி வைத்த தன்னுடைய பெரிய கதிரையைக் காட்டி, எங்களில் ஒருவரை அதில் உட்காரச் சொல்வார். அன்றைக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் கதிரையில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். முதலாளி வாய் திறக்கமாட்டார். எடுத்த முடிவை அவர்கூட மாற்ற முடியாது.

கூட்டித் துடைக்கும் செல்லம்மா அக்கா ஒருநாள் உட்கார்ந்தார். அவர் எடுத்த ஒரே முடிவு, யாரும் செருப்போடு உள்ளே வரக்கூடாது என்பது. அது இன்றுவரை அமுலில் இருக்கிறது. கடன் விஷயமாக வந்த வங்கி அதிகாரியின் காலுறையில் ஓட்டை இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். லொறி ஓட்டும் ரம்ஸி நானா உட்கார்ந்த அன்று, ஹேவாஹெட்டைக்குச் சரக்குக் கொண்டுபோகும் பயணம் திங்களிலிருந்து வியாழனுக்கு மாறியது. வியாழன்தோறும் அங்கே அவருடைய மாமியார் வீட்டில் பிரியாணி என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆனாலும் வியாபாரம் கூடியது. ரம்ஸி நானாவும் பெருத்தார்.

நான் முகாமைத்துவம் படித்துப் பட்டம் பெற்றவள். நல்ல தலைவருக்கு இருக்கவேண்டிய குணங்களைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட இவரிடம் இல்லை. கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார். பல்லியைக் கண்டால் மேசைமேல் ஏறுவார்.

பாடசாலைகள் திறக்கப் போகிற வாரம். “மகள், இண்டைக்கி நீங்க உக்காருங்க” என்றார் முதலாளி என்னிடம். உட்கார்ந்ததுதான் தாமதம், புதிதாக வந்த சிப், இழுத்தால் நகராமல் பாதிப் பைகளில் இறுகி நிற்பதாகத் தையல் பகுதியிலிருந்து சத்தம். மறுநாள் கண்டி டவுன் கடைக்கு முழுச்சரக்கும் போகவேண்டும். அப்படியே அனுப்புவதா, நிறுத்துவதா?

நான் ரம்ஸி நானாவைக் கேட்டேன். செல்லம்மா அக்காவைக் கேட்டேன். முன்பக்கத்து பேக்கரியில்கூடக் கேட்டேன். கடைசியில் முதலாளியைத் தேடினேன். பை தைக்கிற ரெக்சின் துணிச் சுருள்களுக்குப் பின்னால் அவருடைய தொப்பி தெரிந்தது.

“முதலாளி, ஒரு வார்த்தை...”

“முதலாளி இல்ல. வெளிய போன” என்றது தொப்பி.

“நீங்க இருக்கிறது தெரியுதே!”

“அப்ப நான் இன்னும் குனிஞ்சி இருக்கணும்” என்று தொப்பி கீழே இறங்கியது.

சிப் மாற்றிய பிறகுதான் சரக்குப் போகும் என்று முடிவெடுத்தேன். மறுநாள் கடைக்காரரே நேரில் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கத்தத் தொடங்கினார். “எந்த மடையன் எடுத்த முடிவு இது?”

நான் எழுந்தேன். அதற்குள் ரெக்சின் தூசியோடு முதலாளி முன்னால் வந்து நின்றார். “அந்த மடையன் நான்தான். வாங்க, முதல்ல ஒரு டீ குடிங்க. தொண்ட காஞ்சி போனா ஏசவும் ஏலாது.”

கடைக்காரர் டீயும் குடித்தார், ஏசவும் செய்தார். அதோடு எங்களிடம் சரக்கு எடுப்பதையே விட்டுவிட்டார். அன்று மாலை முதலாளி ரெக்சின் சுருளில் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவுகளை எங்களுக்கெல்லாம் பங்கு வைத்தவர், ஏச்சை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பக்கத்தில் போய்ப் “பரவாயில்லை” என்று சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த டீயின் ருசி பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் முடிவும் என்னுடையது, ஏச்சும் என்னுடையது. சளி பிடித்தால், ஏன் குளிப்பாட்டினாய்? குளிப்பாட்டாவிட்டால், ஏன் பிள்ளை இப்படி வியர்த்துக் கிடக்கிறது?

வியாழக்கிழமை அவருக்குப் போன் எடுத்தேன். “முதலாளி, நான் வரவா, வேணாமா?”

தையல் இயந்திரங்களின் இரைச்சல். பிறகு, “முதலாளி இல்ல மகள். வெளிய போன.”

“நீங்கதானே பேசுறீங்க!”

“அது வேற.” செருமினார். “வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நீங்களே யோசிச்சி முடிவெடுங்க. யாரும் ஏசினா, நான்தான் சொன்னெண்டு என்ட பேரச் சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு போவதென்று முடிவெடுத்து, மாத்தளையில் இருக்கும் மாமியாருக்குச் சொன்னேன்.

“பச்சப்புள்ளய விட்டுட்டா? யாரு ஒனக்கு இந்தப் புத்தியச் சொன்னது?”

“முதலாளி...” என்று வாயில் வந்துவிட்டது.

அவ்வளவுதான். “அந்தாளுக்குப் புள்ளகுட்டி இல்லியா? நெஞ்சுல ஈரம் இல்லியா? பேக்கு தைக்கிறவனுக்குப் புள்ள வளக்கிறதப் பத்தி என்னா தெரியும்?” என்று அத்தை கொட்டித் தீர்த்தார். மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஏச்சில் ஒரு துளிகூட என்மேல் விழவில்லை. சுகமாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அத்தை, அவர ஏசாதீங்க” என்றேன். “அவர் ஒண்ணுமே சொல்லல. முடிவெடுத்தது நான்தான்.”