பன்னிரண்டு மணிச் சங்கு

வீட்டு வரி ஒரு சல்லிக்காசு ஏறினாலும் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று நடுத்தெருவில் நின்று சொன்னேன். எதிர்வீட்டுப் பல் டாக்டர் சாட்சி. தெரு ஆட்கள் நாலைந்து பேர் சாட்சி. மாடி ஜன்னலில் என் மனைவி சாட்சி.

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கீழே வந்தாள்.

"ஏங்க, ரேஸர் பழசாயிடுச்சு. புதுசு வாங்கி வைக்கட்டுமா?"

இதுதான் என் இல்லறம்.

விஷயம் இது. நகரசபை பட்ஜெட் போடுகிறது. வருஷா வருஷம் போடுகிறது, வருஷா வருஷம் துண்டு விழுகிறது. இந்த வருஷம் விழுந்தது துண்டு இல்லை, ஜமக்காளம். அதை மூட வீட்டு வரியை ஏற்றப் போகிறார்களாம். வேண்டாம் என்கிறவர்கள் வெள்ளிக்கிழமை காலை மன்றத்துக்கு வரலாம். வந்து கத்தக் கூடாது. வரிக்குப் பதிலாக எந்தச் செலவை வெட்டலாம் என்று சொல்ல வேண்டும். மன்றம் ஒத்துக்கொண்டால் அதை வெட்டுவார்கள், வரியை விட்டுவிடுவார்கள்.

தெரு சார்பில் யார் பேசுவது? படித்தவராயிற்றே என்று பல் டாக்டரைக் கேட்டோம். கும்பிட்டார்.

"அண்ணே, மத்தவங்களை வாயைத் திறக்கச் சொல்றதுதான் என் தொழில். நான் திறந்து பழக்கமில்லை."

ஆகவே நான்.

எதை வெட்டுவது என்று யோசிக்கவே இல்லை. சங்கு.

நகரசபைக் கட்டடத்து மொட்டைமாடியில் இருக்கிறது. வாய் வைத்து ஊதுகிற சங்கு இல்லை, மோட்டார் வைத்து அலறுகிற சங்கு. காலை எட்டுக்கு ஒரு தடவை, பகல் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மாலை ஐந்துக்கு ஒரு தடவை. அதற்கு மின்சாரம். பட்டனை அழுத்த ஓர் ஆள். அவர் லீவு போட்டால் அழுத்த இன்னோர் ஆள். போதாதென்று இந்த வருஷம் புது மோட்டார், அதை நிறுத்திவைக்க இரும்புக் கோபுரம் என்று பெருந்தொகை ஒதுக்கியிருந்தார்கள். பேப்பரில் படித்ததும் எனக்குக் கண் சிவந்தது. ஆளுக்கொரு போன் பையில் இருக்கிற காலத்தில் சங்கு யாருக்கு?

என் பையில் போன் இல்லை. அது வேறு விஷயம். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். என் நேரம் என் மணிக்கட்டில் இருக்கிறது. கல்யாணத்தின்போது மாமனார் கொடுத்த கடிகாரம். சாவி கொடுக்கிற ரகம். ஒரு நாளைக்குக் கால் மணி பின்னால் போகும் என்பார்கள். என் கடிகாரம் பின்னால் போவதில்லை. உலகம்தான் முந்துகிறது. தினமும் பன்னிரண்டு மணிச் சங்குக்கு முள்ளைத் திருப்பி உலகத்தோடு சமாதானம் செய்துகொள்வேன். யோசித்துச் செய்வதில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் கை தானாக விரட்டுகிறதே, அப்படி.

ஓய்வுக்குப் பிறகும் ஒழுங்கு தவறியதில்லை. எட்டு மணிச் சங்குக்குப் பூங்கா பெஞ்சு. பன்னிரண்டு மணிச் சங்குக்கு எழுந்து வீடு. நான் உட்காரும்போது தட்டும் உட்காரும். இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவன் நான் என்றே இந்த வெள்ளிக்கிழமை வரை நினைத்திருந்தேன்.

வியாழன் மாலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தேன். அவள் டீ கொண்டுவந்தாள்.

"சங்கையா எடுக்கச் சொல்லப் போறீங்க?"

"ஆமா."

"எடுக்கட்டும். காது வலிக்குது."

ஒத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் முதல் தடவையில் ஒத்துக்கொள்ளாதவள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. ஏமாந்துவிட்டேன்.

"முதல்ல அந்த மாடி ரூம்ல இருந்தோமே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றால் பேச்சு வளரும். "ம்" என்றேன்.

இருக்காதா? டிப்போவுக்குப் பின்தெரு. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல். ஐந்து மணிச் சங்கு ஊதினால் எனக்கு டூட்டி முடியும். அதே சங்குக்கு அவள் ஸ்டவ்வைப் பற்றவைப்பாள். தெருமுனை திரும்பும்போது மண்ணெண்ணெய் வாசம் வரும். படியேறும்போது டீ கொதிக்கும். கதவைத் தட்ட வேண்டியதே இருக்காது. ஒரு நாள் சாயங்காலம் சங்கு ஊதவில்லை. மோட்டார் புகைந்துவிட்டது. சங்கு ஊதாமல் எப்படி டூட்டி முடியும்? டிரைவர், கண்டக்டர், நான், எல்லாரும் உட்கார்ந்தே இருந்தோம். இருட்டிய பிறகு பார்த்தால் டிப்போ வாசலில் குடையோடு ஒருத்தி நிற்கிறாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எதற்குக் குடை என்றேன். புருஷனைத் தேடி வெறுங்கையோடு வந்தால் டிப்போக்காரர்கள் சிரிப்பார்களே, அதற்காகவாம். குடையைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அன்றைக்கு வீடு வரை அந்தக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டே நடந்தோம். ஏன் என்று கேட்காதீர்கள். வயசு.

அவள் விடவில்லை. பெரியவன் சங்குச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒளிந்ததைச் சொன்னாள். சின்னவள் மொட்டைமாடியில் நின்று சங்குக்குப் பதில் ஊதியதைச் சொன்னாள். இரண்டுக்கும் சேர்த்துத் தெரு நாய்கள் ஊளையிட்டதைச் சொன்னாள். இப்போது வீட்டில் கட்டிலும் காலி, மொட்டைமாடியும் காலி. இருவருக்கும் ஆளுக்கோர் ஊரில் வேலை.

"சின்னவ சில நாள் போன் பண்ணுவா. பன்னிரண்டு மணிக்கு போனை ஜன்னல்கிட்டப் பிடிக்கச் சொல்லுவா. சங்கு கேக்கணுமாம்."

இது எனக்குப் புதுச் செய்தி. "அவளுக்கென்ன கிறுக்கா?" என்றேன். குரல் கொஞ்சம் பிசிறியது. டீ சூடு. அவ்வளவுதான்.

"அதையெல்லாம் பார்த்தா வரி ஏறிடும். நீங்க பேசுங்க. நானும் வர்றேன். நீங்க பேசி நான் கேட்டதே இல்லை."

"வீட்டுல நீ எங்கே பேச விட்டே?"

"அதான் வெளியே வந்து கேக்கறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய் நின்றோம். பேச வருகிறவர்களுக்கு எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை கொடுத்தார்கள். எனக்கு இரண்டாம் எண். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்வரிசை. மன்றத்தில் நீள நீள பெஞ்சு, சுவர் முழுக்க முன்னாள் தலைவர்களின் படம். அத்தனை பேருக்கும் மீசை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் மட்டும் நின்றுபோயிருந்தது. குமாஸ்தாவைக் கேட்டேன். மேலே சங்கு இருக்கும்போது கீழே இதை ஓட்டுவானேன் என்றார்.

கூட்டம் ஆரம்பித்தது. ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை அழுதது. என் மனைவி என் கையிலிருந்த வில்லையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு அவள் வில்லையை வாங்கிக்கொண்டாள். "இவரு இரக்க மனசுக்காரரும்மா, ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் இரக்கமாகப் புன்னகைத்தேன். அடுத்து, காலில் கட்டுப் போட்டவர். அவருக்கும் மாற்றிக் கொடுத்தாள். பெரிய மனுஷர் என்று அவர் என்னைக் கும்பிட்டார். அடுத்து, கடையைப் பூட்டிவிட்டு வந்த சலூன்காரர். புகழ ஆரம்பித்தால் நம் பிடி தளர்ந்துவிடுகிறது, பாருங்கள். யார் யாரோ பேசினார்கள். முன்வரிசையிலேயே உட்கார்ந்து கடைசி ஆளானேன்.

என் பெயரை அழைத்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாகத் தாராளமாக நேரம் இருந்தது. எழுந்தேன்.

நன்றாகவே பேசினேன். டிப்போவில் பஸ்களை விரட்டிய குரல். மின்சாரத்தைச் சொன்னேன். மோட்டாரைச் சொன்னேன். லீவு போடுகிற ஆளுக்குப் பதில் ஆள் என்றதும் கவுன்சிலர்கள் சிரித்தார்கள். ஊருக்கே சங்கு ஊதுவதற்கு முன்னால் இந்தச் சங்குக்கு ஒரு சங்கு ஊதுங்கள் என்றேன். கை தட்டினார்கள். தலைவரே தலையாட்டினார். குமாஸ்தா பேனாவைத் திறந்தார். வரி என் காலடியில் கிடந்தது. ஓர் உதை பாக்கி.

"மன்றத்தைக் கேட்கிறேன். இந்தச் சங்கைக் கேட்டு மணி பார்க்கிற ஆள் இந்த ஊரில் இன்னும் ஒருத்தராவது இருந்தால், கையைத் தூக்கட்டும்."

அப்போது ஊதியது.

தலைக்கு மேலேயே இருக்கிறது. மின்விசிறிகள் ஆடின. முன்னாள் தலைவர்கள் சுவரில் நடுங்கினார்கள். கைக்குழந்தை வீறிட்டது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. இடது கை மேலே போயிருந்தது, கண்ணுக்கு நேராக. வலது கை விரல்கள் திருகைப் பிடித்து முள்ளைப் பன்னிரண்டில் வைத்தன. நாலு சுற்றுச் சாவி கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டேன். ஓடியது. திருப்தி.

அதற்குப் பிறகுதான் சங்கு நின்றுவிட்டது தெரிந்தது. அத்தனை கண்ணும் தூக்கிய என் கையில்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்தர் இருக்காரு. எழுதிக்கங்க" என்றார்.

குமாஸ்தா எழுதிக்கொண்டார். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், சங்கே தோற்றது. சங்கு பிழைத்தது. வரி ஏறியது. சலூன்காரர் என் மீசையைத் தொழில்கண்ணோடு பார்த்தார். கேட்க வந்திருந்த பல் டாக்டர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். வீட்டு வாசல் வரை மூடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தேன். கண்ணாடிக்கு முன்னால் புது ரேஸர். காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறாள். குழந்தை, கால்கட்டு, சலூன்காரர் என்று வில்லை ஒவ்வொன்றாகக் கைமாறியது கண் முன்னால் ஓடியது. என் கடிகாரம் எவ்வளவு பின்னால் போகும் என்று தெரிந்த ஒரே மனுஷி, என்னைச் சரியாகச் சங்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மண்ணெண்ணெய் வாசம்தான் வந்தது. மழையில்லாத குடை வந்தது. இந்தக் கிழவி அதற்கெல்லாமா இவ்வளவு பாடுபட்டாள்? போகட்டும். அதற்கு ஒரு மீசை கொடுக்கலாம். நுரை போட்டேன். பாதியை எடுத்தும் விட்டேன்.

"வேணும்னேதான் வில்லையை மாத்தினே?"

"ஆமா" என்றாள் சமையலறையிலிருந்து.

"நேராச் சொல்லியிருக்கலாமே. அந்த மாடி ரூம், சின்னவ போன், இதுக்காக சங்கு வேணும்னு. நானே விட்டிருப்பேன்."

அவள் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். பாதி மீசையைப் பார்த்தாள். கொஞ்சம் பரிதாபப்பட்டாள் என்றே நினைக்கிறேன்.

"அதுக்கெல்லாமா யாராவது வரி கட்டுவாங்க?"

"பின்னே எதுக்கு?"

"போன வருஷம் மோட்டார் ரிப்பேர்னு ஒரு வாரம் சங்கு ஊதலையே. எப்போ எழுந்திரிக்கறதுன்னு தெரியலைன்னு தினமும் ஒன்பது மணிக்கே பூங்காவுலேருந்து வந்துட்டீங்க. பாத்திரத்தையெல்லாம் திறந்து பார்த்தீங்க. உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் இடம் மாத்தினீங்க. வெங்காயம் எப்படி நறுக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க." அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். "பன்னிரண்டு மணி வரைக்கும் நீங்க வெளியே இருக்கறதுக்கு, நகரசபை எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாங்க."