விடுப்பிலிருந்து திரும்ப முடியாத துணை இயக்குநர்

திங்கள் காலை பத்தே முக்கால். அலுவலகத்தில் ஒன்பது நாற்காலிகள்; ஆறில் ஆட்கள். ஏழாவதாக உள்ளே நுழைந்தவர் துணை இயக்குநர். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் அவருக்குப் பெயர் உத்தரவு.

புரோகிராமர் பெண், புதிய வருகைப்பதிவு மென்பொருளில் ‘பணிக்குத் திரும்பினேன்’ என்ற பொத்தானைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். விடுப்பு முடிந்து வருபவர் எத்தனை அழுத்தினாலும் அது அசைவதில்லை.

“அதை விடும்மா. நாளைக்கு இயக்குநர் வர்றார். அவருக்கு நீலம் ஆகாது. முகப்புப் பக்கம் பச்சையாகணும்.”

“அது வேற பிராஞ்ச் சார், நிரலோட தனிக் கிளை. இதை அரைகுறையா விட்டுட்டு அங்கே தாவ முடியாது. ஸ்டாஷ் பண்ணிட்டுப் போறேன்.”

“அப்படின்னா?”

“செஞ்ச வரைக்கும் சுருட்டி ஓரமா வைக்கிறது. பச்சை முடிஞ்சதும் ஒரே கட்டளை, திரும்ப எடுத்துடலாம்.”

“யாரைக் கேட்டு எடுப்பே?”

“யாரையும் கேக்க வேண்டாம் சார்.”

யாரையும் கேட்காமல் நடக்கக்கூடிய காரியம் ஒன்று தம் அலுவலகத்தில் இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மதியத்துக்குள் சுற்றறிக்கை வந்தது: ‘தற்காலிகமாக ஒதுக்கப்பட்ட பணி எதுவாயினும், பணியிலிருக்கும் துணை இயக்குநரின் ஒப்புதலின்றி மீட்டெடுக்கப்படலாகாது.’

பக்கம் பச்சையானது. “கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு” என்றார் இயக்குநர். அந்தக் குளிர்ச்சியோடு உத்தரவு, மகள் வீட்டுக்கு மூன்று நாள் விடுப்பில் போனார்.

திரும்பி வந்து பொத்தானை அழுத்தினார். கட்டைவிரல் சிவக்க அழுத்தினார். திரை சொன்னது: ‘தாங்கள் விடுப்பில் உள்ளீர்கள். நன்றாக ஓய்வெடுங்கள்.’

“ஏம்மா, அந்தச் சுருட்டி வெச்சதை எடு!”

“ஒப்புதல் குடுங்க சார்.”

கொடுத்தார். தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “விடுப்புல இருக்கிறவர் கையெழுத்து செல்லாதே. ‘பணியிலிருக்கும்’னு நீங்கதானே போட்டீங்க?”

“நான் இங்கே குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனேய்யா!”

“தாராளமா நில்லுங்க சார். பார்வையாளர் நேரம் மூணுலருந்து அஞ்சு.”

இயக்குநரிடம் ஓடினார். “சுற்றறிக்கையை விட்டவர்தான் வாபஸ் வாங்கணும். அவர் விடுப்பு முடிஞ்சு வரட்டும், பேசறேன்” என்று அவரிடமே சொன்னார் இயக்குநர்.

மார்ச் 31 அன்று பதவி உயர்வு. பணியில் இருப்பவருக்கு மட்டும். உத்தரவு புரோகிராமரை மாடிப்படியில் மடக்கினார்.

“யாருக்கும் தெரியாம எடுத்துடேன்மா. இருபது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்.”

“போன வருஷம் கேக்காம ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன் சார். நீங்க குடுத்த மெமோ இன்னும் கைப்பையிலேயே இருக்கு.”

துணை இயக்குநர் நீண்ட விடுப்பில் இருப்பதை முன்னிட்டு, அவருடைய பொறுப்பு தலைமை எழுத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று மணிக்கு வந்த பார்வையாளர், தம் நாற்காலிக்கு எதிரே நின்று கெஞ்சினார். புதுப் பொறுப்பாளர் மனம் இளகினார்.

மார்ச் 30 அன்று மீட்பு ஒப்புதலில் கையெழுத்தானது. அதற்கு முந்தைய நாள், காய்ச்சல் காரணமாகப் புரோகிராமர் ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தார். திரை இப்போது அவரையும் நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னது.