மீசைக்குள் போன சிரிப்பு

தகரக் கூரையிலிருந்து ஒரே ஒரு சொட்டு. கொட்டகலை ஊர் முழுக்க இடம் இருக்க, அது படத்திலிருந்த வீரய்யாவின் நெற்றியில்தான் விழுந்து தொலைத்தது. காயாத மைக்கோடு புருவம்வரை வழிந்தது.

"அடப்பாவி மழையே!" என்று கத்தினான் கஜேந்திரன்.

அவன் பாடசாலைச் சித்திர ஆசிரியன். நாளை வீரய்யாவுக்கு அறுபது வயது. இந்தப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் மகள் நிலக்ஷியைப் பெண் கேட்பதாகத் திட்டம். பென்சில் என்றால் அழித்துவிடலாம். மை போட்டது போட்டதுதான்.

"வழிஞ்ச கோட்ட நெத்திச் சுருக்கமா மாத்திடுங்களேன்" என்றாள் நிலக்ஷி, போனில்.

மாற்றினான். ஒற்றைச் சுருக்கம் விகாரமாக இருந்தது. துணைக்கு நாலு போட்டான். நெற்றி கிழடாகிவிட்டது, கன்னம் மட்டும் மினுமினுத்தது. கன்னத்திலும் இழுத்தான். இப்போது முகமெல்லாம் கோபம், உதட்டில் மட்டும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக இரண்டு நாள் பழகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போட்டிருந்தான்! பல்லைக் கடித்துக்கொண்டு அதன்மேல் ஒரு முரட்டு மீசையை ஏற்றினான். படமெடுத்து நிலக்ஷிக்கு அனுப்பினான்.

"அப்பாவுக்கு மீசையே இல்லியே!"

"இனிமே வளக்கச் சொல்லு!"

மறுநாள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வீரய்யா படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பா!" என்றார் கண் கலங்க. "அவரோட போட்டோ ஒன்னுகூட இல்லியே. எப்புடித் தம்பி வரைஞ்சீங்க?"

கஜேந்திரனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. படம் சாமித்தட்டில் ஏறியது. மாலை விழுந்தது, சூடமும் காட்டினார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? கஜேந்திரன் மெல்லப் பெண் கேட்டான்.

வீரய்யா படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்குச் சம்மதந்தான். ஆனா எங்கப்பாவக் கேக்காம இந்த வீட்டுல ஒன்னும் நடந்ததில்ல. மொறைக்கிறாரே, பாருங்க. இஷ்டமில்ல போல."

"ஐயோ, அந்த மொறைப்ப நாந்தாங்க போட்டேன்! மழைத்தண்ணி விழுந்து..."

"எங்கப்பா மொறைப்பு எனக்குத் தெரியாதா?"

நிலக்ஷி தலையில் கை வைத்தாள். அதுவரை தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா மீனம்மா, மாலையைக் கழற்றிவிட்டுப் படத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"எம் மாமனார் மொகத்துல கொஞ்சம் சிரிப்பு போட்டுக் கொண்டாங்க, மாப்பிள்ளை."