தேன்மொழி பால் குடித்த ஆயுத பூஜை

நான் படித்த இலக்கியங்களில் குழந்தை அழுதால் போதும், தாய்க்குப் பால் சுரந்துவிடும். குழந்தையும் மறுபேச்சின்றிக் குடித்துவிட்டு உறங்கிவிடும். முதுகை வில்லாக வளைத்து, இரண்டு கைகளாலும் தாயைத் தள்ளி, தெருவையே கூட்டும் குழந்தையைப் பற்றி ஒரு புலவரும் ஒரு வரி பாடியதாக நினைவில்லை. (புலவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதும், குழந்தை வீறிடும் நேரம் பார்த்து அவர்கள் அரசவைக்குப் புறப்பட்டிருப்பார்கள் என்பதும் பின்னர்தான் எனக்கு உறைத்தது.)

தமிழ் எம்.ஏ. இறுதித் தேர்வுக்கு முன்பே நான் தாயானேன். தலைப்பிரசவத்துக்குச் செல்லத் தாய்வீட்டில் தாய் இல்லை. ஆகவே என் கணவரின் அக்காள், நான் 'அண்ணி' என்று அழைப்பவர், என்னைப் பெண்ணாடத்திலிருந்த தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அண்ணி நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். கரும்பாலைக்குச் செல்லும் டிராக்டர் இரைச்சலுக்கு மேலும் கேட்கும் குரல் உடையவர். நானோ 'பால்' என்ற சொல்லைப் பால்காரரிடம்கூடச் சற்றுத் தயங்கியே உச்சரிப்பவள்.

பெண் பிறந்தாள். தேன்மொழி என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த எந்த ஒலியும் அந்தப் பெயரை நியாயப்படுத்தவில்லை. மார்பில் வாய் வைப்பாள். இரண்டு மடக்கு குடிப்பாள். ஏதோ நஞ்சைக் கொடுத்துவிட்டதுபோல் தலையைத் திருப்பி அலறுவாள். வயிறு உப்பும், கால்கள் மடங்கும், முகம் செம்பருத்தியாகும். எனக்கோ பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் வரும்.

"பூண்டு பத்தல," என்றார் அண்ணி. பூண்டு வந்தது. "சுறாப்புட்டு தின்னாதான் பாலு எறங்கும்." சுறாவும் வந்தது. குழந்தைக்கு வசம்பு உரைத்துத் தடவினார். எனக்கு ஓமத்தண்ணீர் கொடுத்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் மார்பைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, இலக்கண விதிகளை மனத்துக்குள் ஒப்பித்து மானத்தைக் காத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து விருத்தாசலத்துக்குத் திரும்பினோம். அண்ணியும் துணைக்கு வந்தார். என் கணவர் பீங்கான் சாமான்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனியின் மதில்சுவரே எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால்தான் 'டிரம்மு' இருந்தது. களிமண்ணோடு சேர்க்கும் வெள்ளைக்கல்லைத் தண்ணீரும் கூழாங்கற்களும் சேர்த்து அரைக்கும் பெரிய இரும்பு உருளை அது. இரவு பகலாகக் கடகடவென்று உருண்டுகொண்டிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அது என்னைத் தூங்கவிடவில்லை. பின்னர் அது ஓடுவதே என் காதில் விழாமல் போயிற்று.

வந்த முதல் நாளே அதிசயம் நிகழ்ந்தது. தேன்மொழி குடித்தாள். வயிறு நிறையக் குடித்து, ஏப்பம் விட்டு, என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

"நான் குடுத்த பூண்டு இப்பதான் வேலை செய்யுது," என்றார் அண்ணி.

"கிரைப் வாட்டர் வாங்கியாந்தது யாரு?" என்றார் என் கணவர்.

இரண்டுமே இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அன்று பாடத்தைப் படித்தபடியே பால் கொடுத்தேன். வாய்விட்டு, சீர் பிரித்து, ஓசையோடு படித்தேன். குழந்தை மயங்கியது செய்யுளுக்கு! அன்றிலிருந்து பால் கொடுக்கும்போதெல்லாம் செய்யுள்தான். ஆராய்ச்சி மனம் அதோடு நிற்குமா? அவள் எந்த ஓசைக்குக் குடிக்கிறாள், எதற்கு அழுகிறாள் என்று கவனித்தேன். அகவல் ஓசைக்கு அமைதியாகக் குடித்தாள். கலிப்பாவின் துள்ளல் ஓசை வந்ததும் சிலசமயம் வாயை எடுத்துவிட்டு வீறிட்டாள். 'இத்துணை இளம் செவிக்கு இத்துணை நுண்மையா!' என்று நான் பூரித்தேன். (அந்தச் சிலசமயங்களில் அரைத்ததை வடிப்பதற்காக டிரம்மை நிறுத்தியிருந்தார்கள். அந்த எளிய செய்தி இந்த ஆராய்ச்சியாளரின் காதுக்கு எட்டவில்லை.) இதை ஒரு கட்டுரையாக எழுதி என் பேராசிரியரிடம் கொடுக்கலாமா என்றுகூட எண்ணினேன்.

அந்த வேளையில் ஆயுத பூஜை வந்தது.

அன்று விடியற்காலையில் கடைசி அரைவையை வடித்துவிட்டு, கம்பெனியில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திக் கழுவினார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டால் மறுநாள் மறுபூஜை வரைக்கும் எதையும் இயக்கக் கூடாது. ஊசியையும் உளியையும்கூடத் தொடமாட்டார்கள். மேஸ்திரி கோவிந்தசாமி இந்த விஷயத்தில் முதலாளியையே அதட்டுபவர்.

காலையில் தேன்மொழி மார்பில் வாய் வைத்தாள், எடுத்தாள், அலறினாள். நான் அகவலைத் தொடங்கினேன். அலறல் கூடியது. வெண்பா சொன்னேன், விருத்தம் பாடினேன். அவள் முதுகை வளைத்து, பெண்ணாடத்துக் குழந்தையாகவே மாறிவிட்டாள். முற்பகல் ஆயிற்று, குழந்தையின் தொண்டை கம்மிவிட்டது, உதடு உலர்ந்துவிட்டது. பால் கட்டியதில் எனக்குத் தோள் வரை வலி. கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். அழுகைக்கு நடுவிலும் சீர் தவறாமல் படித்தேன்.

அண்ணி அடுத்த அறையில் வடைக்கு உளுந்தை ஆட்டுக்கல்லில் போட்டார். குழவி கடகடவென்று சுற்றத் தொடங்கியது. தேன்மொழியின் அழுகை நின்றது. வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கினாள்.

"குடிக்கிறாள் அண்ணி! அகவலுக்குக் குடிக்கிறாள்!" என்று கூவினேன்.

மாவைத் தள்ளிவிட அண்ணி குழவியை நிறுத்தினார். குழந்தை வாயை எடுத்து அலறியது. நான் இன்னும் உரக்கப் படித்தேன். பயனில்லை. குழவி சுற்றியது; அவள் குடித்தாள். குழவி நின்றது, அவள் அலறினாள். அண்ணி எழுந்து வந்து, மாவுக் கையோடு வாசற்படியில் நின்றார்.

"உன் பாட்டுக்கு ஒண்ணும் குடிக்கல புள்ள. என் ஆட்டுக்கல்லுக்குத்தான் குடிக்குது. வயித்துல இருந்தப்பவே கேட்டுப் பழகுன அந்த டிரம்மு சத்தம் இல்லாம இது குடிக்காது போலருக்குது!"

என் ஆராய்ச்சி உளுந்து மாவில் விழுந்து கரைந்தது.

அண்ணி மறுபடியும் போய் ஆட்டினார். வடை மாவு இட்லி மாவாகி, இட்லி மாவு கஞ்சியாயிற்று. பிறகு வெறும் கல்லைச் சுற்றினார். கை ஓய்ந்தது, சத்தமும் தளர்ந்தது. தேன்மொழிக்கு அது போதவில்லை.

"தம்பி! போயி டிரம்ம ஓட்டச் சொல்லு!" என்றார் அண்ணி, பூஜைக்காகப் புது வேட்டி கட்டி நின்ற என் கணவரிடம்.

அவர் கூச்சத்தில் எனக்கு அண்ணன். போனார், மேஸ்திரியின் அருகில் நின்றார், செருமினார். "ஒண்ணுமில்ல மேஸ்திரி... பாப்பாவுக்கு... கொஞ்சம்..." என்றார். பிரசாதம் கேட்கிறார் என்று நினைத்து மேஸ்திரி ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு இவர் திரும்பி வந்துவிட்டார்.

பொரியைப் பார்த்த அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார். கொல்லைக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த தொட்டியின் மேல் ஏறி, மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். அப்பால் தொழிலாளர்களும் முதலாளியின் குடும்பமும் கூடியிருந்தார்கள். பூஜை முடிந்து பொரி வழங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேஸ்திரி! புள்ள காலையிலேருந்து பாலு குடிக்க மாட்டேங்குது! தாய்க்காரிக்குப் பாலு கட்டிக்கிட்டு வேதனையா இருக்குது! கொஞ்சம் டிரம்ம ஓட்டுங்க!"

அறைக்குள் நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். (அக்டோபர் மாத விருத்தாசலத்தில் அது எளிதான காரியமன்று.)

"டிரம்முக்கும் பாலுக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்றது மேஸ்திரியின் குரல்.

அண்ணி சம்பந்தத்தை விளக்கினார். ஒன்றையும் விடவில்லை, சுறாப்புட்டும் வந்தது. பிறகு மேஸ்திரி சொன்னார்:

"சாமி கும்பிட்ட மிசினுங்க. நாளைக்குதான் சுட்சு போடணும்."

"சரஸ்வதியும் பொம்பளதான? புள்ளப் பசின்னா கோவிச்சுக்குவாங்களா?"

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா நான் மாட்டேன்னு சொன்னா மாட்டேன்தான்," என்ற மேஸ்திரி சற்று யோசித்தார். "சுட்சுதான போடக்கூடாது? பெல்ட்ட கழட்டிட்டுக் கையால உருட்டுனா அது வேலையில்லையே. வெளாட்டுதான்! டேய், எல்லாரும் வாங்கடா!"

டிரம் வடித்துக் காலியாக இருந்ததால் உள்ளே கூழாங்கற்கள் மட்டும்தான். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையும் சந்தனமுமாக இருந்த அந்த உருளையை ஆட்கள் கையால் தள்ளத் தொடங்கினார்கள். "ஏலேலோ ஐலசா" என்ற குரலோடு கற்கள் உருண்டன. வழக்கத்தைவிடப் பெரிய சத்தம். தேன்மொழி விசும்பலை நிறுத்தினாள், காதைக் கொடுத்தாள், பிறகு இத்தனை நேரப் பசியையும் சேர்த்துக் குடித்தாள். என் தோளின் வலி மெல்ல இறங்கியது. கண்ணீர் தானாக வழிந்தது. அப்போது யாராவது என்னிடம் வந்து இலக்கியத்தில் எது உயர்ந்த ஓசை என்று கேட்டிருந்தால், தயங்காமல் பதில் சொல்லியிருப்பேன்.

ஆனால் என் மானத்துக்கு இன்னும் ஒரு சோதனை மிச்சமிருந்தது.

"குடிக்குதாங்களா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து மேஸ்திரி மூச்சிரைக்கக் கேட்டார்.

அண்ணி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினார். "குடிக்குது! குடிக்குது! வுடாதீங்க!"

சற்று நேரம் கழித்து: "நிறுத்தலாமாங்களா? பசங்களுக்குக் கை கழண்டுடும் போல இருக்குது."

நான் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி பார்த்தார். நான் கண்களாலேயே கெஞ்சினேன். பயனில்லை. விருத்தாசலம் ஜங்ஷன் வரை கேட்கும் குரலில் அறிவித்தார்:

"ஒரு பக்கம்தான் ஆயிருக்குது! இப்ப அடுத்த பக்கம் மாத்துது! வுட்டுடாதீங்கப்பா!"

அப்பால் ஏலேலோ நின்றது. பிறகு மேஸ்திரி மிகுந்த மரியாதையோடு, "மாத்தட்டும்மா, மாத்தட்டும். டேய், தள்ளுங்கடா!" என்றார். ஏலேலோ மறுபடியும் எழுந்தது. முதலாளியும் ஒரு கை கொடுத்தார் என்று என் கணவர் பின்னர் சொன்னார். அதைக் கேளாமலே இருந்திருக்கலாம்.

அதன்பின் பல வாரங்கள் நான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. நடந்தாலும் யாராவது, "டிரம்மு பாப்பா நல்லாருக்குதா?" என்று நலம் விசாரிப்பார்கள். எம்.ஏ. தேர்ச்சி பெற்றேன். செய்யுளோசைக் கட்டுரையை எழுதவில்லை. இப்போதும் வீட்டில் நான் எதையாவது வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினால் என் கணவர் எழுந்து, "இரு, சன்னலத் தொறக்குறேன். டிரம்மு சத்தம் சேந்து வரட்டும்," என்பார்.

தேன்மொழிக்கு எட்டு வயதாகிறது. ஒவ்வோர் ஆயுத பூஜையன்றும் டிரம்மை மட்டும் மதியம்வரை ஓடவிட்டு, அதற்கு மாலை போடும் முன் மேஸ்திரி சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பார்: "பாப்பா சாப்ட்டாச்சாங்களா? நிறுத்தலாமாங்களா?"

சென்ற ஆண்டு நான் பதில் சொல்லும் முன்பே அவள் தட்டோடு கொல்லைக்கு ஓடி, அதே தொட்டியின் மேல் ஏறினாள். குரல் அப்படியே அவள் அத்தையுடையது:

"சாம்பார் சோறு ஆச்சு மாமா! இன்னும் மோர் சோறு இருக்குது! வுட்டுடாதீங்க!"