நீளக் கொம்பும் குட்டைக் கொம்பும்

வகை பிரிப்போர் என்று ஓர் இனம் உண்டு. பூச்சியில் அல்ல, மனிதரில்தான். இரண்டு பொருள் ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் இவர்களுக்கு உடம்பு தாங்காது. அலுவலகத்தில் ‘பிரிவினையார்’ என்று பட்டம் பெற்ற பூச்சி ஆராய்ச்சியாளரையே பாருங்களேன். காலுறைகளை இடது வலது என்று பிரித்து, இடதில் புதியது பழையது என்று பிரித்து, கடைசியில் ஜோடி சேராமல் வெறுங்காலில் ஷூ மாட்டிக்கொண்டு போகிறவர்.

இருபது வருடம் அருங்காட்சியகத்தில் குண்டூசியும் கையுமாக இருந்தும் அவர் கண்டுபிடித்ததாக ஒரு புது இனம் இல்லை. மனுஷனுக்குத் தூக்கம் வருமா? போன மாதம் தோட்டத்தில் இரண்டு வண்டுகள் சிக்கின. குட்டைக் கொம்பு ஊரறிந்த வண்டு. நீளக் கொம்பு? புது இனமேதான். கட்டுரை எழுதி, வண்டுக்கு மனைவியின் பெயரையே சூட்டி, வெள்ளிக்கிழமை அனுப்ப நாள் குறித்து, சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் தம்பட்டம் அடித்தாயிற்று.

மனைவியின் வேலை நேர் எதிர். நூறு வருடச் செய்தித்தாள்களைக் கணினிக்கு ஊட்டி, ஒரு சொல்லின் பொருள் எந்த வருடம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கோடு போட்டுக் காட்டுவார். எத்தனை வேஷம் போட்டாலும் அவருக்கு அது ஒரே சொல். இவருக்கோ அதற்குள் பத்துச் சொல். இதற்காகச் சாப்பாட்டு மேசையில் நடக்காத சண்டை இல்லை.

வியாழன் மாலை, கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், வண்டுக்கு ஒன்றாக இரண்டு ஜாடி இருந்த இடத்தில் ஒன்றுதான் இருப்பதைக் கண்டார்.

“ஒண்ணு உடைஞ்சிடுச்சுங்க. ஞாயித்துக்கிழமையே ரெண்டையும் சேத்து விட்டுட்டேன். நீங்க எழுதற மும்முரத்துல பூச்சியப் பாக்கவே இல்ல.”

இப்போது பார்த்தார். இலைக்கடியில் வரிசையாக முட்டைகள். இலைக்கு மேலே, அடுத்த வரிசைக்கான ஏற்பாடு, வெட்கமில்லாமல். மனைவி குனிந்து, யார் மேல் யார் என்று நிதானமாகப் பார்த்தார்.

“அப்போ என் பேர வச்சது ஆம்பளப் பூச்சிக்கா?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருடக் கனவு கண்ணெதிரே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆனால் வகை பிரிப்போர் இனம் அவ்வளவு சுலபமாகத் தோற்காது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரெண்டும் வேற வேற இனந்தான். இது கலப்பு மணம்.”

சொன்னதோடு விட்டாரா? கட்டுரையை அனுப்பிவிட்டு, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒரு பெயரும் யோசிக்க உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் நேற்று வாசலில் இரண்டே இரண்டு கேள்வி கேட்டீர்கள். மூன்றாவது தேவைப்படாமல் திருப்தியாக உள்ளே போனீர்கள். அவரை எந்த ஜாடியில் போட்டீர்கள்?