முதல் நிகழ்ச்சி: இறைவணக்கம்

"சார், உன்னைப் பார்க்க ராயப்பேட்டை உமர் ஃபாரூக்னு ஒருத்தர் வந்துகீறாரு" என்று ஆபீஸ் பியூன் வடிவேலு வந்து சொன்னபோது, சண்முகவேல் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறி மூக்கு வழியாக வந்தது.

காரணம், அவனுக்குத் தெரிந்து ராயப்பேட்டை உமர் ஃபாரூக் என்று உலகத்தில் யாரும் கிடையாது. போன வாரம் இதே மேஜையில் உட்கார்ந்து, இதே மாதிரி ஒரு டீயைக் குடித்துக்கொண்டு, சண்முகவேல்தான் அவரைப் பெற்றெடுத்தான். கூடவே தி.நகர் வெள்ளைத்துரை, அடையாறு முருகையன், கோபாலபுரம் புஷ்பம். ஒரே பிரசவத்தில் நாலு பேர்.

விஷயம் இதுதான். சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்குக் கடற்கரையில் வெள்ளி விழா. டில்லியிலிருந்து மத்திய மந்திரி வருகிறார். அழைப்பிதழில் முதல் நிகழ்ச்சி, 'இறைவணக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று பேசியது. சர்க்கார் விழாவில் சாமிக்கு என்ன வேலை என்று பாதிப் பேர், சாமியில்லாமல் சர்க்காருக்கு என்ன வேலை என்று பாதிப் பேர்.

'நகர மணி' பத்திரிகையின் ஆசிரியர் சண்முகவேலைக் கூப்பிட்டார்.

"மந்திரி பேச்சு நியூஸ் ஏஜென்சியில வந்துடும். அது எனக்கு வேண்டாம். பிரார்த்தனையைக் கேட்டுட்டு ஜனங்க என்ன சொல்றாங்க, அதைக் கொண்டா. பேரும் ஏரியாவும் இல்லாம ஒரு வரிகூட வரக்கூடாது. இதை ஒழுங்கா செஞ்சேன்னா உன் வேலை பர்மனெண்ட்."

இந்தப் பர்மனெண்ட் என்ற வார்த்தையில்தான் சண்முகவேலின் உயிர் இருந்தது. அவனுடைய மாமா, "டெம்பரவரி ஆளுக்கெல்லாம் என் பொண்ணைக் கொடுக்கமாட்டேன்" என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. பெண் ஜானுவுக்கு வேறு இடத்தில் ஜாதகம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஜானுவை நினைத்தால் சண்முகவேலுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவன் விழாவுக்குப் போனானா? போகவில்லை. ஏன் போகவில்லை? ஜானு அன்றைக்குத்தான் வீட்டில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுப் பனகல் பார்க்குக்கு வந்திருந்தாள். பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கடற்கரைக்கு ஓடலாம் என்றுதான் உட்கார்ந்தான். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே குடையில் நின்றார்கள். அந்த நிலையில் எந்த மந்திரிக்காகவும் எந்த ஆண்மகனும் நகரமாட்டான். இவனும் நகரவில்லை.

ராத்திரி ஆபீசுக்கு வந்து அழைப்பிதழை முன்னால் வைத்துக்கொண்டு கப்சாவை அவிழ்த்துவிட்டான். 'கண்ணை மூடிக் கேட்டேன். மனசு லேசாயிற்று' என்றார் உமர் ஃபாரூக். 'நன்றாக இருந்தது' என்றார் வெள்ளைத்துரை. 'எழுந்து வெளியே வந்துவிட்டேன்' என்றார் முருகையன். 'பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது' என்றாள் புஷ்பம். பாடியது ஆணா பெண்ணா என்று தெரியாததால், 'இனிய குரலில் பாடப்பட்டது' என்று தந்திரமாக எழுதியிருந்தான்.

இப்போது அவன் பெற்ற பிள்ளை வாசலில் வந்து நிற்கிறது.

உள்ளே வந்தவருக்கு ஐம்பது வயசிருக்கும். சட்டையெல்லாம் பஞ்சு. மெத்தைக்கடை வைத்திருக்கிறாராம்.

"நீதான் எழுதினதா பா?"

"ஆ... ஆமாங்க."

"சோக்கா எழுதிகிறே. நான் சொன்னத அப்பிடியே போட்டுகிறே. ஆனா கண்ணை மூடிக் கேட்டேன்னு போட்டுட்டே பாரு, அதான் பேஜாரு. எங்க வூட்ல அஃப்சருன்னிசா கேக்கறா, பீச்சுக்குப் போயி தூங்கிட்டு வந்தியான்னு."

"நீங்க விழாவுக்கு வந்திருந்தீங்களா?" என்றான் சண்முகவேல்.

"இன்னா நைனா இப்பிடி கேக்கறே? என்னாண்டதானே நின்னு பேசினே? சுண்டல் வண்டி பக்கத்துல? நீகூட ஒரு பொட்டலம் வாங்கித் துன்னியே!"

அவர் சொன்ன அழுத்தத்தில், ஒருவேளை தின்றோமோ என்று சண்முகவேலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எப்படியோ ஆள் சண்டைக்கு வரவில்லை. இவ்வளவு பெரிய பட்டணத்தில் எந்தப் பெயரை எறிந்தாலும் அதற்குக் கீழே ஒருவர் நிற்கத்தான் செய்வார், நல்லவேளை இவர் விழாவுக்கும் போயிருக்கிறார் என்று தேறிக்கொண்டான். மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போட்டான்: 'திரு. உமர் ஃபாரூக் கண்ணைத் திறந்தபடியேதான் கேட்டார்.'

அதோடு முடிந்தது என்று நினைத்தான் பாவம்.

மறுநாள் தி.நகர் வெள்ளைத்துரை வந்தார். பட்டைபட்டையாக விபூதி. ஜவுளிக்கடை முதலாளி. திருநெல்வேலிக்காரர்.

"என்னவே, மெத்தைக்கடைக்காரருக்கு மட்டும் திருத்தம் போடுதீரு, நமக்குக் கிடையாதா? நன்றாக இருந்ததுன்னு ஒத்தை வரியில முடிச்சுப்போட்டீரே. சாமி பாட்டு இன்னும் ரெண்டு பாடியிருக்கணும்னு உம்மகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? கடைப் பேரையும் சொன்னேம்லா?"

"சொன்னீங்க, சொன்னீங்க" என்றான் சண்முகவேல். வேறென்ன சொல்வான்?

இன்னும் இரண்டு பாட்டு பாடியிருக்க வேண்டும் என்று திருத்தம் வந்தது. கடைப் பேரோடு வந்தது. அது வந்த கையோடு அடையாறு முருகையன் வந்தார். சைக்கிள் கடை. கறுப்புச் சட்டை. பேரில் இருக்கும் முருகனை அவர் பொருட்படுத்துவதில்லை.

"ஒரு பாட்டுக்கே நாங்கள் எழுந்து வந்தோம், தோழர். இன்னும் இரண்டா? அதுவும் நான் மட்டும் தனியாக வெளியே வந்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். என் பின்னால் நாற்பது பேர் வந்தார்களே, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?"

அவரைச் சமாதானப்படுத்த நாற்பது பேரையும் பத்திரிகையில் ஏற்றினான். மறுநாள் அந்த நாற்பது பேரில் ஐம்பத்திரண்டு பேர் வந்து, தங்கள் பெயரை ஏன் விட்டாய் என்று மாடிப்படியை மறித்துக்கொண்டார்கள்.

இதற்குள் இன்னொரு வில்லங்கம் முளைத்தது. பாடியது ஒரு அம்மா என்றார் உமர் ஃபாரூக். இல்லை, வாட்டசாட்டமான ஓர் ஆண், ஆர்மோனியத்தோடு வந்தார் என்றார் வெள்ளைத்துரை. தாம் வெளியே வரும்போது ஒரு கோஷ்டியே கத்திக்கொண்டிருந்தது என்றார் முருகையன். மூன்று பேரும் தங்கள் கட்சியைப் போடச் சொன்னார்கள். சண்முகவேல் மூன்றையும் போட்டான். மறுநாளிலிருந்து பத்திரிகை மத்தியானத்துக்குள்ளேயே தீர்ந்துபோக ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு அம்மா கட்சி, ஆர்மோனியக் கட்சி, கோஷ்டிக் கட்சி.

சண்முகவேலுக்குப் பயம் வந்துவிட்டது. இதுவரை வந்தவர்கள் நல்லவர்கள். நாளைக்கே விவரமான ஆள் ஒருவர் வந்து, 'அன்றைக்கு நீ எங்கே நின்றாய்?' என்று கேட்டால் வேலையும் போகும், ஜானுவும் போவாள். அதற்குமுன் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது மேல் என்று ஆசிரியர் அறைக்குள் போனான்.

"சார், அந்தப் பிரார்த்தனை விஷயமா ஒரு உண்மையைச் சொல்லணும்..."

"நீ என்னய்யா சொல்றது? நான் சொல்றேன் கேளு" என்று ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். "மத்த எந்தப் பத்திரிகையிலயாவது அதைப் பத்தி ஒரு வரி வந்துதா? எல்லாப் பயலும் மந்திரி பேச்சைப் போட்டுட்டுப் படுத்துட்டான். நாம மட்டும்தான் பிடிச்சோம். ஏன்? அதுல இருந்த உருக்கம் அவனுங்களுக்குப் புரியலை. நானே முதல் வரிசையில இருந்தேன்யா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பாடினது அம்மாதான். வர்ற திங்கக்கிழமை அந்த நாலு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேச வைக்கிறோம், படம் எடுக்கறோம். அவங்க முன்னாலயே உன் பர்மனெண்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

சண்முகவேல் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான். ஆசிரியரே நேரில் கேட்டிருக்கிறார் என்பதில் ஒரு நிம்மதி. ஆனால் நாலாவது ஆள் புஷ்பத்துக்கு எங்கே போவது? பெற்ற நாலில் அவள் ஒருத்திதான் இன்னும் அப்பனைத் தேடி வரவில்லை.

கடைசியில் ஜானுவிடமே போய் நின்றான்.

"ஒரே ஒரு நாள் நீ புஷ்பமா இரு ஜானு. பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்ததுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. அதுக்குள்ள பிறந்த வீடா?"

"நீ இதைச் சொன்னாத்தான் கல்யாணமே ஆகும்."

ஜானு அம்மாவின் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். பார்த்தால் நாலு பிள்ளை பெற்றவள் மாதிரி இருந்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. போட்டோகிராபர் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வடிவேலு தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தான்.

"சார், கீழ ஒரு புஷ்பம் வந்துகீது."

"அதான் இங்கே இருக்காங்களே!" என்றார் ஆசிரியர்.

"இது வேற புஷ்பம் சார். பின்னாடியே இன்னொரு புஷ்பமும் ரிக்‌ஷால வந்து எறங்கிக்கினு கீது."

இரண்டு புஷ்பங்களும் மேலே வந்தார்கள். இரண்டு பேரும் கோபாலபுரம். இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்ததாம். ஒரு புஷ்பம் நேரே ஜானுவிடம் போய், "நீ யாருடி என் பேரைச் சொல்லிக்கிட்டு? நீ எந்த வரிசையில உட்கார்ந்திருந்தே?" என்று கேட்டாள்.

"நாலாவது வரிசை" என்றாள் ஜானு, கண்ணைக்கூட இமைக்காமல்.

"பொய்! நாலாவது வரிசையில நான்ல உட்கார்ந்திருந்தேன்!"

"அப்ப என் காலை மிதிச்சுட்டு, ஒரு மன்னிப்புக்கூடக் கேக்காம உட்கார்ந்தது நீங்கதானா?"

அந்தப் புஷ்பம் ஒரு கணம் தடுமாறினாள். "இருட்டுல தெரியலம்மா, மன்னிச்சுக்கோ" என்றாள். ஒரே குடையில் தன் தோளில் ஒண்டிக்கொண்டு நின்ற பெண்ணா இவள் என்று சண்முகவேல் வாயைப் பிளந்தான்.

மூன்று புஷ்பங்களையும் வரிசையாக உட்காரவைத்துக் கூட்டம் ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் அந்த இறைவணக்கத்தைப் பற்றிப் பேசப் பேச, சண்முகவேலின் மனசு கனத்தது. உமர் ஃபாரூக் பாட்டின் இரண்டாவது அடியில் குரல் எப்படி ஏறி இறங்கியது என்று கையால் காட்டினார். வெள்ளைத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். முருகையன்கூட, "கொள்கை வேறு, குரல் வேறு. குரலில் குறை இல்லை" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ஆசிரியர் முதல் வரிசையில் தாம் அழுததை மறுபடி சொல்லி மறுபடி அழுதார்.

இத்தனை நேர்மையான ஜனங்களுக்கு நடுவே தான் ஒருவன்தானே புளுகன் என்று சண்முகவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படிப்பட்ட ஒரு பாட்டைக் கேட்காமல் பனகல் பார்க்கில் நின்றோமே என்று முதல்முறையாக வருத்தப்பட்டான். ஆர்டரை வாங்கிக்கொண்ட பிறகு என்றைக்காவது ஒருநாள் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்றுகூடத் தீர்மானித்தான்.

ஆசிரியர் பேனாவைத் திறந்தார். கதவு தட்டப்பட்டது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நடுத்தர வயது அம்மாள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"நீங்களும் புஷ்பமா?" என்றார் ஆசிரியர் அலுப்போடு.

"இல்லீங்க. என் பேரு ஜெயபாரதி. மயிலாப்பூர்ல பாட்டு டீச்சர். வெள்ளி விழாவுல இறைவணக்கம் பாடறதுக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தாங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"நான் சொல்லல? அம்மாதான்னு சொன்னேனா இல்லியா?" என்று உமர் ஃபாரூக் மேஜையைத் தட்டினார். "ஆர்மோனியம் எங்கே தாயி?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளைத்துரை தம் நாற்காலியை அந்த அம்மாளுக்கு இழுத்துப் போட்டார். மூன்று புஷ்பங்களும் அவள் கையைப் பிடித்துக்கொள்ள முண்டியடித்தார்கள். அதில் ஜானுதான் முதலில் பிடித்தாள்.

ஆசிரியர் இரண்டு கையையும் குவித்தார். "அம்மா, நீங்க அன்னைக்குப் பாடினது இன்னும் என் காதுல ஒலிச்சுக்கிட்டே இருக்கு. அதை ஊருக்குச் சொன்ன பையன் இவன்தான். உங்க முன்னாலயே இவனைப் பர்மனெண்ட் ஆக்கறேன்."

சரசரவென்று கையெழுத்துப் போட்டு ஆர்டரைச் சண்முகவேல் கையில் கொடுத்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. போட்டோகிராபர் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார்.

சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்த ஜெயபாரதி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இல்லீங்க, மழை பேஞ்சுது, மந்திரியும் லேட்டா வந்தாருன்னு என்னை மேடையிலயே ஏத்தாம நேரா தேசிய கீதத்துக்குப் போயிட்டாங்க. அந்த அநியாயத்தை உங்க பத்திரிகையில ரெண்டு வரி போடச் சொல்லத்தான் வந்தேன்."