பதினான்காம் பக்கத்தில் ஒரு தப்பு

பதினான்காம் பக்கம் திரும்பி வந்துவிட்டது. பியூன் ஜோதிலிங்கம் அதைக் கலியமூர்த்தியின் டைப்ரைட்டர் மேல் வைத்தான்.

"தப்பு இருக்குதாம் சார். திருத்தித் தரச் சொன்னாரு."

"எங்கேன்னு சொன்னாரா?"

"அது என்னிக்கு சொல்லியிருக்காரு?"

ஆர்.கே.புரத்து அந்த அலுவலகத்தில் டைரக்டர் ராஜசேகரனின் பழக்கம் அது. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர். ஆனால் இடத்தைக் காட்ட மாட்டார். தப்பைத் தானே தேடிப் பிடிக்கிறவன்தான் அதை மறுபடி செய்யமாட்டான் என்பது அவர் கட்சி. தேடியவர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்தது. அதனால் அவர் மேல் பயம் வளர்ந்துகொண்டே போனது.

கலியமூர்த்திக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. காரணம், அவருக்கு எழுத்தே தெரியவில்லை.

மாயவரத்திலிருந்து டெல்லிக்கு வந்து இருபத்தெட்டு வருஷமாக டைப் அடிக்கிறவர். விரல்களுக்குக் கண் தேவையில்லை. பிரதியை யாராவது வாசித்தால் போதும்; ஒரு தடவை காதில் விழுந்தது மறக்காது, அவை பாட்டுக்கு அடிக்கும். அடித்ததைச் சரிபார்க்கத்தான் கண் வேண்டும். எட்டு மாதமாக அந்தக் கண்ணில் ஒரு வெண்புகை. காகிதத்தில் வரி இருப்பது தெரியும், என்ன வரி என்று தெரியாது. இதை அவர் மனைவி ஜெயலட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. போன வருஷம் அதே செக்ஷனில் ஏகாம்பரம் என்பவரை, கை நடுங்குகிறது என்று மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி, வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று ஏகாம்பரத்தின் பீரோவை டெம்போவில் ஏற்றக் கைகொடுத்தவர்களில் கலியமூர்த்தியும் ஒருவர். புசா ரோடு பள்ளிக்கூடத்தில் பதினோராவது படிக்கும் மகள் செல்வியை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்ற நினைப்பு வந்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

திரும்பி வந்த பதினான்காம் பக்கம் ஒரு கமிட்டி அறிக்கையைச் சேர்ந்தது. நாட்டுக்கு வேண்டிய டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி போதுமான அளவு கிடைக்கிறதா என்று ஆராய்ந்த கமிட்டி. மறுநாள் காலை அது கூடுகிறது. பதினான்காம் பக்கம் அந்தப் பொடியின் குணங்களைச் சொன்னது. வைரத்தைவிட அதிகமாக வெளிச்சத்தை வளைத்துச் சிதறடிக்கும். அதனால் மெல்லிய பூச்சே அடியில் இருப்பதை மறைத்துவிடும். சுவர் பெயிண்ட், காகிதம், ரப்பர் செருப்பு, பற்பசை, மாத்திரையின் மேல்பூச்சு, எல்லாவற்றிலும் வெள்ளை என்று தெரிவது இதுதான்.

யோசித்துப் பார்த்ததில் கலியமூர்த்திக்கு இரண்டு பெயர்கள் மேல் சந்தேகம் வந்தது. இந்தப் பொடியில் ரூட்டைல், அனடேஸ் என்று இரண்டு ஜாதி. ஒன்று வெயில் மழைக்குத் தாங்கும். மற்றதை வெளிச்சுவரில் அடித்தால் கொஞ்ச நாளில் மாவாக உதிர்ந்து, சாய்ந்தவன் முதுகை வெள்ளையாக்கும். எதை எதுவாக அடித்துத் தொலைத்தோமோ என்று பயந்தார். மூலப் பிரதியோ பென்சில் கிறுக்கல். அவருக்கு அது வெறும் அழுக்கு. பக்கத்து மேஜை வத்சலாவிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் நீங்களே ஏன் படிக்கவில்லை என்று அவள் கேட்டுவிட்டால்?

இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி முழுப் பக்கத்தையும் புதிதாக அடித்து அனுப்பினார்.

அரை மணியில் அது திரும்பி வந்தது. "இன்னும் இருக்குதாம் சார்."

அப்படியானால் முதலில் அடித்ததே சரி. மறுபடி மாற்றலாம் என்றால் கமிட்டிக்கென்று கொடுத்த பாண்டு பேப்பர் தீர்ந்துவிட்டது. ஸ்டோர்காரர் லீவு. கலியமூர்த்தி வெறும் மேஜையைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து வத்சலா இரக்கப்பட்டாள். சிங்கப்பூரிலிருந்து அவள் அண்ணா கொண்டுவந்த, எழுத்தை மறைக்கும் வெள்ளை மைச் சின்ன பாட்டிலை நீட்டினாள்.

"இதை வச்சு அழிச்சுடுங்கோ அங்கிள். உள்ளே இருக்கறது எல்லாம் உங்க பொடிதான். லேபிள்லயே போட்டிருக்கு, பாருங்கோ."

பார்ப்பது போல் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

வரிகளை எண்ணி, இடத்தைக் கணக்குப் பண்ணி, ஆறு இடங்களில் பூசி, ஊதி, காயவைத்து, மேலே அடித்தார். அடியில் இருந்தது சுத்தமாக மறைந்தது. அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் சர்க்கார் காகிதம் பாண்டு என்றாலும் பழுப்புதான். அதில் அந்த ஆறு இடங்களும் அவருக்கே தெரியும்படி பளீரென்று மின்னின. வேறு வழியில்லாமல் கொடுத்தனுப்பினார்.

மூன்றாவது தடவையும் அது திரும்பி வந்தது. ஜோதிலிங்கம் அதை டைப்ரைட்டர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மின்னுவதுதான் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார் கலியமூர்த்தி. வெள்ளையைப் பழுப்பாக்க, ஆறிப்போன தன் டீயில் ஒரு சொட்டை மூடியில் விட்டுக் கலந்தார். அது பால் மாதிரி திரிந்து கட்டி கட்டியாயிற்று. கட்டியைக் கரைக்க, நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் அறைக்குப் போய்க் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி வந்தார். ஸ்பிரிட் பட்ட இடத்தில் ரிப்பன் மை ஓடி, இரண்டு பாரா சேர்ந்து ஒரு மழை மேகம் ஆயிற்று. அந்த மேகத்தை மறைக்க பாட்டிலில் மிச்சமிருந்ததை எல்லாம் பூசினார். நினைவிலிருந்ததை அதன் மேல் அடித்தார். அடித்த வேகத்தில் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து எழுத்துக் கட்டைகளில் அப்பிக்கொண்டது. டைப்ரைட்டருக்குள் வெள்ளைத் தூள் கொட்டியது. குண்டூசியால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு மிச்சத்தை அடித்தார்.

கையில் எடுத்தபோது பக்கம் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போகிறாரா என்று வத்சலா கேட்டாள். அவர் தாளை ஜோதிலிங்கத்திடம் கொடுத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கால் மணியில் டைரக்டர் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

அறையில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. மேஜை விளக்கு எரிந்தது. ராஜசேகரன் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுக்கொண்டு வந்தவர், பதினான்காம் பக்கத்தில் நின்றிருந்தார். அதன் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தேய்த்தார்.

"என்ன இது கலியமூர்த்தி, அம்மைத் தழும்பு மாதிரி?"

கலியமூர்த்தி வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார். ரிப்பன் மட்டம், பேப்பர் மட்டம் என்று அது ஆரம்பிக்கும். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"எனக்குக் கண்ணு தெரியல சார். எட்டு மாசமா. தப்பு எங்கேன்னு என்னால பார்க்க முடியல."

டைரக்டர் பக்கத்தின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றார் கலியமூர்த்தி. வீட்டிலும் தெரியாதா என்று கேட்டார். தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனா ரிகார்டுல ஏறிடும்னு பயம் சார்."

ராஜசேகரன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "நாளைக்கே மெடிக்கலுக்குப் போங்க. புரையா இருந்தா எடுத்துடலாம். மறைச்சு மறைச்சு வைக்காதீங்க. அப்புறம் எடுக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது." கண்ணாடியைத் தேடி எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "லீவு நான் சாங்ஷன் பண்றேன். திரும்பி வந்து உங்க சீட்டுல உட்காருங்க. போர்டு கீர்டுன்னு யாரும் பேச மாட்டாங்க. பக்கம் சரியா இருக்கு. போங்க."

தாளின் கீழ் ஓரத்தை விரலால் தடவி, அம்மைத் தழும்புப் பக்கத்தின் அடியில் ஒப்பமும் போட்டார்.

கலியமூர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு அதிகாரி தன்னிடம் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. வராந்தாவுக்கு வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்டூலில் இருந்த ஜோதிலிங்கம் எழுந்து நின்றான். இவ்வளவு நல்ல மனுஷரிடம் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று கலியமூர்த்திக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"ஜோதி, அந்தப் பக்கத்துல அப்படி என்னதான் தப்பு இருந்துச்சு? உன்கிட்டயாவது சொன்னாரா?"

ஜோதிலிங்கம் டைரக்டர் அறைக் கதவைப் பார்த்தான். அது மூடியிருந்தது. கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஐயாவுக்குப் பார்வை போயி ரெண்டு வருசம் ஆவுது சார். கையெழுத்து எங்க போடணும்னு நான்தான் விரலை வச்சுக் காட்டுறேன். தெனம் கைக்கு வந்த ஒரு தாளை உருவி, தப்பு இருக்குன்னு மூணு தரம் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்காரு, அவ்வளவுதான். அதுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."